அரிசிக்குள் இருந்த போன்

எங்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டைத் தாண்டியதும் ஒரு நீள அறை, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள். போனை அதில் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொண்டுதான் லைனுக்குப் போக வேண்டும். காருக்குள் ஓடுகிற வயர்களை அடுக்கி டேப் சுற்றுவது என் வேலை. ஷிஃப்ட் முடிகிறவரை ஊரே பற்றி எரிந்தாலும் எங்களுக்குத் தெரியாது. வீட்டில் சாவு விழுந்தால்கூடச் செய்தி கேட்டுக்கு வந்து, செக்யூரிட்டி சூப்பர்வைசரிடம் சொல்லி, அவர் நம் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டுத்தான் நம்மிடம் வாயைத் திறப்பார்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த அறை அலறியது.

ஒரு போன் இல்லை. பூட்டிக் கிடந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில், ஒரே குரலில். ரிங்டோன் மாதிரியே இல்லை, ஆம்புலன்ஸ் சத்தத்தை நறுக்கி நறுக்கிப் போட்ட மாதிரி விட்டு விட்டு அலறியது. இரும்புப் பெட்டிக்குள் வேறு இருந்ததா, சுவரே அதிர்ந்தது. லைனில் எல்லோருக்கும் கை நின்றுவிட்டது. சூப்பர்வைசருக்கு மட்டும் போன் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அவர் சட்டைப் பையில் இருந்த அதுவும் அலறவே, அந்த ஆள் அதைத் தரையில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார். மற்ற நாளாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்திருப்போம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"போர் வந்துடுச்சா?" என்றாள் என் பக்கத்தில் டேப் சுற்றிக்கொண்டிருந்தவள். "பாய்லர் வெடிக்கப் போவுது, வெளிய வாங்கடி" என்று ஒருத்தி ஓடினாள். வாலாஜாபாத்திலிருந்து வருகிற ஒரு அம்மா, சுனாமிதான் என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடல் எங்கே இருக்கிறது, எங்கள் கம்பெனி இருக்கிற ஒரகடம் எங்கே இருக்கிறது! ஆனால் பயம் வந்தால் அதெல்லாம் யாருக்குத் தோன்றும்? ஒடிசாப் பெண்கள் இரண்டு பேர் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்லக்கூட எங்களுக்குப் பாஷை தெரியவில்லை.

சூப்பர்வைசர் போனைப் பொறுக்கி எடுத்துப் படித்தார். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. கவர்மென்ட் டெஸ்ட் பண்றாங்க. புயல், வெள்ளம் வந்தா எல்லாருக்கும் ஒண்ணா சொல்றதுக்காம். நாம எதுவும் செய்ய வேணாம்னு அதுலயே போட்டுக்கீது. லைனைப் பாருங்க" என்று கத்தினார்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னாவாம்?" என்று நானும் திட்டினேன். சொல்லித்தான் இருந்தார்கள். முந்தின நாள் ஒரு மெசேஜ் வந்தது. முழுக்க இங்கிலீஷ். லோன் தருகிறேன் என்று தினம் வருகிற மெசேஜ்களோடு சேர்த்து அதையும் அழித்துவிட்டேன். கேட்டுப் பார்த்தால் லைனில் பாதிப் பேர் அதையேதான் செய்திருந்தார்கள்.

அப்போது போன் அறையிலிருந்து செக்யூரிட்டி அம்மா மூச்சு வாங்க வந்தார். "இன்னா பேஜாரு இது! சைலன்ட்ல போட்ட போன்கூடக் கத்துதே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சைலன்ட்டில் போட்ட போன் ஒன்று என் பக்கத்து வீட்டு அரிசி டிரம்முக்குள் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி நேரே எங்கள் வரிசை வீட்டுக்குத்தான் வந்தாள். புருஷனும் அதே ஊர்க்காரன், வேறொரு கம்பெனியில் வேலை. வெளியே பார்த்தால் தங்கமான பையன். என்னை வாய்க்கு வாய் அக்கா என்பான், கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிவந்து வைப்பான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் நடப்பது எனக்குக் காதில் விழாமல் போகாது. அவள் கத்தமாட்டாள். பாத்திரம் உருளும், பிறகு வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். மறுநாள் குழாயடிக்கு நைட்டிமேல் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு வருவாள்.

அவளுடைய அம்மா ஒரு தடவை அவனிடம், மகளைக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்று கேட்டுவிட்டாளாம். அன்றைக்கே அவளுடைய போனைத் தரையில் அடித்து உடைத்துவிட்டான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அவன் போனில், அவன் எதிரில், ஸ்பீக்கரில் போட்டுப் பேசலாம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அத்தோடு சரி.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. என் பழைய போனை எடுத்து, என் பெயரிலேயே ஒரு சிம் வாங்கிப் போட்டு, அவள் அம்மாவின் நம்பரை "டெய்லரக்கா" என்று ஏற்றி அவள் கையில் திணித்தேன். "வேண்டாம்க்கா, தெரிஞ்சா கொன்னே போட்டுருவாவ" என்று கையை இழுத்துக்கொண்டாள். "அவன் கொல்லுவான், நான் பாத்துக்கினு கைதட்டுவனா? புடி" என்றேன். எங்கே வைப்பது? பீரோவைக் குடைவான், தலையணையைப் பிதுக்கிப் பார்ப்பான். அரிசி டிரம்மில் மட்டும் கையை விடமாட்டான். துரை அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தால் கௌரவம் குறைந்துவிடுமே! அதனால் அரிசிக்குள் புதைத்து வைத்தாள். அணைத்து வைக்கவும் முடியாது. மறுபடி ஆன் செய்யும்போது அந்தப் போன் ஒரு பாட்டுப் பாடும், அதை நிறுத்துகிற வித்தை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சார்ஜ் போடுவது என் வீட்டில்.

அவன் பகல் ஷிஃப்ட் போகிற வாரங்களில் அதை எடுத்து அம்மாவிடம் பேசுவாள். வீட்டில் யாரும் இல்லாதபோதும் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு குசுகுசுவென்றுதான் பேசுவாள். என்னைக் கூப்பிட்டாலும் அதே குசுகுசு. "கொஞ்சம் சத்தமாத்தான் பேசேன். பாதி காத்துதான் வருது" என்று திட்டுவேன். அதற்கும் சத்தமில்லாமல்தான் சிரிப்பாள்.

அந்த வாரம் அவனுக்கு நைட் ஷிஃப்ட். போன்கள் அலறிய நேரத்தில் அவன் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பான். கையை நீட்டினால் டிரம்மைத் தொடலாம், அவ்வளவு சின்ன வீடு.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது தடவையும் அலறியது. இது தமிழில் வந்த செய்தியாம். முதல் தடவை ஓடினவர்கள் எல்லாம் இந்தத் தடவை சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூப்பர்வைசரிடம் போய் வயிற்று வலி, வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். "ஆளு இல்லமா. இன்னிக்கு எல்லாருக்கும்தான் வயித்தக் கலக்குது" என்று சிரித்தார். நான் சுற்றிய டேப்பெல்லாம் கோணலாகப் போய்த் திரும்பி வந்தது. கேன்டீனில் தட்டில் போட்ட சோறு அப்படியே கிடந்தது. என்னைச் சுற்றி ஒரே பேச்சு. இனிமேல் நாம் பேசுவதையெல்லாம் கேட்பார்கள் என்றாள் ஒருத்தி. அந்த மெசேஜைத் தொட்டால் பேங்கில் இருக்கிற பணம் போய்விடும் என்றாள் இன்னொருத்தி. போகட்டுமே! உங்களுக்குப் போகப்போவது பணம்தானே என்று கத்தலாம் போல் இருந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தண்ணீரைக் குடித்தேன்.

ஷிஃப்ட் முடிந்து போன் கைக்கு வந்தது. வந்து என்ன செய்வது? அவளைக் கூப்பிட முடியுமா? அந்தப் போன் இப்போது யார் கையில் இருக்கிறதோ! கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டேன். எங்கள் வரிசை வீடுகளுக்குச் சொந்தக்காரி, முன்வீட்டிலேயே இருப்பவள்.

"இன்னாம்மா, அங்க எல்லாம் நல்லாக்கீதா?" என்றேன்.

"அத்த ஏன் கேக்குற! எம் போன்ல பேய் பூந்துடுச்சுடி. சாமி ரூம்ல வச்சிருந்தேன், அங்கயே கத்துது. கற்பூரம் ஏத்தி சுத்திப் போட்டேன், மறுபடியும் கத்துது."

"பக்கத்து வூட்ல ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

"கதவு சாத்திக்கீது. அந்தப் பொண்ணு தண்ணி புடிக்கக்கூட வரல. ஏன் கேக்குற?"

சும்மாதான் என்று வைத்துவிட்டேன். ஒரகடம் சிக்னலில் பஸ் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அவள் தண்ணீர் பிடிக்க வராத நாள் என்று ஒன்று அதற்கு முன்னால் கிடையாது. இறங்கியதும் ஓடினேன். அந்த ஓட்டத்தில் செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனேன்.

அவன் வாசலில் நின்றிருந்தான். என்னைத்தான் எதிர்பார்த்து நிற்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையில் அந்தப் போன். வாசல்படியெல்லாம் அரிசி சிதறிக் கிடந்தது. அவள் உள்ளே சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அடி எதுவும் தெரியவில்லை. அது ஒன்றுதான் எனக்கு உயிரைக் கொடுத்தது.

"வாங்கக்கா. உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன்" என்றான். குரலை உயர்த்தவில்லை. "இது யாரு போனு?"

அவள் என்ன சொல்லியிருப்பாள்? எனக்குத் தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அவளைப் பார்த்தேன். நான் அவளைப் பார்ப்பதை அவனும் கவனித்துக்கொண்டிருந்தான். அவள் தலையைத் தூக்கவே இல்லை.

"என்னுதுதான். ஒங்கிட்ட ஏன் கீது?" என்றேன்.

"உங்க போனு எங்க அரிசிக்குள்ள என்னக்கா பண்ணுச்சு?"

கேட்ட மாத்திரத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயத்தைவிடக் கோபம் எனக்குக் கை கொடுக்கும். "ஏம்பா, தண்ணில வுழுந்த போனை அரிசில போடாம அடுப்புலயா போடுவாங்க? தொட்டில வுழுந்துடுச்சு, ஈரம் இழுக்கட்டும்னு குடுத்தேன். எங்கூட்டு ரேஷன் அரிசிலதான் வண்டு ஓடுதே" என்றேன்.

உள்ளே அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவளும் இதையேதான் சொல்லியிருந்தாள். எங்கள் வரிசையில் எந்தப் பெண்ணைத் தட்டிக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். தொட்டியிலும் வாளியிலும் போனைப் போட்டுவிட்டு அரிசியைத் தேடாத வீடு எங்கள் பக்கம் உண்டா?

அவன் விடவில்லை. "அப்ப லாக்கை எடுங்க பாப்போம்."

போனைக் கொடுக்கும்போதே, லாக்கை மாற்றிக்கொள் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மாற்றினாளா இல்லையா, நான் கேட்டதே இல்லை. சுற்றி அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவன் நீட்டிப் பிடித்த போனில் விரலை வைத்து, என் பழைய வழக்கப்படி மேலிருந்து கீழே இழுத்து வலப்பக்கம் வளைத்தேன். திறந்துகொண்டது. உள்ளே என் மகள் பள்ளிக்கூட யூனிபார்மில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அத்தனை நாளும் ஒன்றைக்கூட மாற்றவில்லை. அது தன்னுடைய போன் என்றே அவள் நினைத்திருக்கவில்லை போலும்.

"பாத்துக்கினியா? எம் பொண்ணு. குடு இப்புடி."

கொடுக்கப் போனவன் நிறுத்தினான். "டெய்லரக்கா யாரு? மதியத்துல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, போன் சத்தமில்லாமல் வெளிச்சம் போட்டது. டெய்லரக்கா. அவன் நைட் ஷிஃப்ட் வாரத்தில் அந்த அம்மா கூப்பிடவே மாட்டாள். மகள்தான் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. அன்றைக்கு அவள் ஊரிலும் போன் அலறியிருக்கிறது. மகளுக்கு என்னமோ ஏதோ என்று அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றான்.

"பொம்பளைங்க ரவிக்கை அளவு பேசறத நீ ஸ்பீக்கர்ல கேக்கணுமா? வெக்கமா இல்ல ஒனக்கு?" என்று கத்தினேன். எதிர்வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் கறுத்தது. அந்த ஒரு நொடியில் போனைப் பிடுங்கிக் காதில் வைத்துவிட்டேன்.

"ஏட்டி, ஏன் எடுக்க மாட்டேங்க? உசுரே போயிட்டு எனக்கு" என்றது அந்தக் குரல். அவனுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று போனைக் காதோடு அழுத்தினேன். காது வலித்தது.

"இன்னா டெய்லரக்கா, எத்தினி வாட்டி போன் பண்ணுவ? தச்ச துணிய நீயே நேர்ல வந்து குடுத்துட்டுப் போ. நாளைக்கே வா. காலைலயே வா. போன்ல பேசறதெல்லாம் வேணாம்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. என் குரல் அவளுக்குத் தெரியும், இரண்டொரு தடவை பேசியிருக்கிறோம். ஆனாலும் புரிய வேண்டுமே! புரியாமல், மகள் எங்கே என்று ஓவென்று அழ ஆரம்பித்தால்? அவன் ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"அவன் பக்கத்துல நிக்கானா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஆமாக்கா."

"ராத்திரி பஸ்ஸுல வாரேன்" என்று வைத்துவிட்டாள்.

அவன் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது என்னிடம் நின்றான். "அக்கா, நனைஞ்ச போனுக்கு சார்ஜ் நல்லா நிக்கிது. காலைல வந்து பேசிக்கிறேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அவன் போன பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. முதல் தடவை அவன் தலைமாட்டில் இருந்த அவன் போனே அலறியதாம். அந்தச் சத்தத்தில் டிரம் கத்தியது அமுங்கிப் போயிருக்கிறது. அவள் கடவுளே என்று மூச்சு விட்டாள். அவன் திட்டிக்கொண்டே தன் போனை அணைத்துப் போட்டுவிட்டுப் படுத்தான். இரண்டாவது தடவை வீட்டில் அரிசி மட்டும் தனியாகக் கத்தியது. "அக்கா வரட்டும், கேப்போம்னு டிரம்மு மேலயே உக்காந்துட்டாவ. தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்க விடலக்கா" என்றாள். அன்றைக்கு அவளை என் வீட்டிலேயே படுக்க வைத்தேன். இரண்டு பேரும் தூங்கவில்லை.

காலையில் யார் முதலில் வருவார்கள்? அதுதான் பயம். அவன் பஸ்ஸா, அவள் அம்மாவின் பஸ்ஸா? வேலைக்குப் போகாமல் தெருமுனையில் நின்றேன். கம்பெனி பஸ் ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் ஒரே வெள்ளைக் கலர், எது அவனுடையது என்று கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய் வந்தது. கடைசியில் சிங்கப்பெருமாள்கோயில் பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா இறங்கினாள். ஒல்லியாக, கசங்கின புடவையோடு, கையில் நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு.

"டெய்லரு வந்திருக்கேன்" என்றாள் என்னைப் பார்த்து.

பொட்டலத்துக்குள் ஒரு ரவிக்கை இருந்தது. அவளுடைய சொந்த ரவிக்கை, மடித்து நூல் கட்டியிருந்தாள். "அவன் இருந்தாம்னா காட்டணும்லா" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. விடிய விடிய பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் அந்த மகராசி.

மகளைப் பார்த்ததும் நேரே அவளிடம் போனாள். துண்டை விலக்கிக் கையைப் பார்த்தாள், மறுபடி மூடிவிட்டாள். "நட" என்றாள். வந்த ஆட்டோவையே நிறுத்தி வைத்திருந்தேன். போனை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, "லாக்கை மாத்திக்கோ. எம் பொண்ணு போட்டோவையும் எடுத்துடு, இனிமே இது ஒன்னுது" என்றேன். ஆட்டோ திரும்பி மறைகிறவரை நிற்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

அவன் வந்தான். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பிறகு என் கதவு இடிபட்டது. "அவ எங்க?"

"அவங்கம்மா வந்து இட்டுக்கினு போய்ட்டாங்க" என்றேன் உள்ளே இருந்தபடியே.

கதவு இன்னொரு தடவை இடிபட்டது, கொண்டி ஆடியது. வெளியே, "இன்னாப்பா அங்க சத்தம்?" என்று வீட்டுக்கார அம்மாவின் குரல் கேட்டது. எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. அவன் காலடிச் சத்தம் திரும்பிப் போனது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. டிரம். அப்படியே கவிழ்த்துவிட்டான். அரிசி தரையில் கொட்டுகிற சத்தம், அதைக் கையால் அளைந்து அளைந்து தேடுகிற சத்தம். நான் சுவரோடு ஒட்டி, மூச்சு விடாமல் நின்றேன். போனைத் தேடினானா, வேறு எதைத் தேடினானோ, அடிவரைக்கும் தேடினான்.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். "எங்க போய்க்கினு கீறீங்க?" என்று குசுகுசுவென்று கேட்டேன்.

"அக்கா, செங்கல்பட்டுல பஸ் ஏறிட்டோம்" என்றாள். "சீட்டு கெடச்சிட்டு. அம்மா பக்கத்துலதான் இருக்கா. நீங்க பேசுறதுதான் கேக்கல, கொஞ்சம் சத்தமா பேசுங்கக்கா."

அவள் குரல் அவ்வளவு கணீரென்று இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.